பாலாற்று மணலுக்கு அடியில் இருப்பது நம் பிள்ளைகளின் பங்கு!



ஆற்றங்கரையில் குடியிருப்பவன் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அடுத்த ஆற்றின் தண்ணீருக்குக் கையேந்தி நிற்பதை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? வேறெங்கும் தேட வேண்டாம். வாணியம்பாடியைப் பாருங்கள். ஆம்பூரைப் பாருங்கள். வேலூரைப் பாருங்கள். மூன்றும் பாலாற்றங்கரை ஊர்கள். இன்று இந்த ஊர்களின் குடிநீருக்குக் கைகொடுப்பது மேட்டூரிலிருந்து மலைகளைத் தாண்டிக் குழாயில் ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரித் தண்ணீர்!

காவிரிக்கே பங்காளிச் சண்டை தீரவில்லை. டெல்டா விவசாயி தன் பயிருக்குத் தண்ணீர் இல்லை என்று சாலையில் உட்காருகிறான். அந்தக் காவிரியில் நாமும் ஒரு குழாயைப் போட்டுக்கொண்டு, நம் வாசலில் ஓடும் ஆற்றைக் குப்பைமேடாகவும் மணல் குவாரியாகவும் கழிவுநீர்க் கால்வாயாகவும் ஆக்கி வைத்திருக்கிறோம். இதைப் பற்றிப் பேசினால், "இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நமக்கு இருக்கிற பிரச்சினை போதாதா?" என்று கேட்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இல்லை சகோதரர்களே! இது முதலில் நம் பிரச்சினை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நம் சமுதாயம் அடர்த்தியாக வாழும் ஊர்களின் உயிர் இந்த ஆற்றுப் படுகைக்கு அடியில்தான் இருக்கிறது. நம் தொழிலும் அங்கேதான் இருக்கிறது. நம் மீது விழுந்திருக்கும் பழியும் அங்கேதான் கிடக்கிறது.

இது எப்படிப்பட்ட ஆறு?

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுகிறது. கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, தமிழகத்தில் 222 கிலோமீட்டர். ஆற்றின் பெரும்பகுதி நம்முடையது. ஆனால் பாலாறு காவிரியைப் போல மேலே ததும்பி ஓடும் ஆறல்ல. ஆண்டில் சில நாட்கள் மேலே ஓடும். மீதி நாட்களில் மணலுக்கு அடியில் ஓடும். பார்ப்பவன் கண்ணுக்கு வறண்ட மணல்வெளி. தோண்டுபவன் கைக்குத் தண்ணீர். நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால் வெட்டி, கசியும் நீரை வாய்க்காலில் திருப்பி நெல் விளைவித்தார்கள். பல்லவர் காலத்திலேயே காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரிகளை அமைத்தார்கள். பிற்காலத்தில் வெள்ளைக்காரன் வாலாஜா அருகே அணைக்கட்டு கட்டி, வெள்ளம் வரும்போது அதை ஏரிகளுக்குத் திருப்பினான்.

அந்த ஏரிகள் வயலுக்கு மட்டும் தண்ணீர் கொடுக்கவில்லை. ஓர் ஏரி நிரம்பினால் அதைச் சுற்றியுள்ள கிணறெல்லாம் ஊறும். ஏரி என்பது மேலே தெரியும் தொட்டி. கிணறு என்பது அதன் அடியிலிருந்து எடுக்கும் குழாய். தொட்டியைத் தூர்த்துவிட்டுக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஆந்திரா மட்டும்தான் காரணமா?

பாலாறு என்றதும் நம் ஊர் மேடைகளில் ஒரே பேச்சுத்தான். "ஆந்திராக்காரன் தடுப்பணை கட்டிவிட்டான்!" உண்மைதான். 1892-ஆம் ஆண்டு மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. கீழே உள்ளவனின் சம்மதமின்றி மேலே உள்ளவன் புதிதாக அணை கட்டக் கூடாது என்பதே அதன் சாரம். அதை மதிக்காமல் ஆந்திரப் பகுதியில் தடுப்பணைகள் எழும்பின. 2016-இல் வாணியம்பாடி எல்லையில் உள்ள புல்லூர் தடுப்பணையின் உயரம் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தப்பட்டது. அதை எதிர்த்துத் தமிழகம் நீதிமன்றம் சென்றதும் சரியே. அந்த உரிமைப் போராட்டத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர்.

ஆனால் ஒரு கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் நூற்றாண்டு காணாத வெள்ளம் வந்தது. விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் பாய்ந்தது. அன்றைக்கு ஆந்திராவின் எந்தத் தடுப்பணையும் அதைத் தடுக்கவில்லை. அந்தத் தண்ணீரை நாம் என்ன செய்தோம்? பாலத்தின் மேல் நின்று செல்போனில் படம் எடுத்தோம். அது கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலந்தது. ஏரிகளுக்குப் போகும் கால்வாய்கள் பல இடங்களில் அடைபட்டுக் கிடந்தன. சில கால்வாய்களின் மேல் வீடுகள் இருந்தன. சிலவற்றின் மேல் கடைகள் இருந்தன. அந்தக் கடைகளில் நம்முடையவையும் இருந்தன!

வராத தண்ணீருக்காக ஆர்ப்பாட்டம் செய்பவன், வந்த தண்ணீரைப் பிடித்து வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் கோரிக்கையை எந்த நீதிமன்றமும் மதிக்காது.

ஒரு லாரி மணல், ஒரு தொட்டித் தண்ணீர்

நம் இளைஞர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஆற்று மணல் ஒரு கன மீட்டர் இருந்தால், அதன் இடுக்குகளில் நாம் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தண்ணீர் சுமார் 150 முதல் 200 லிட்டர் வரை தங்கும். ஒரு யூனிட் மணல் 100 கன அடி. மூன்று யூனிட் ஏற்றிய லாரி ஒன்று ஆற்றைவிட்டு வெளியேறினால், சுமார் 1,300 முதல் 1,700 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று ஆற்றிலிருந்து நிரந்தரமாகப் போய்விட்டது என்று பொருள். தண்ணீர் போனால் அடுத்த மழைக்கு வரும். தொட்டியே போனால்?

பல ஆண்டுகளாக இரவும் பகலும் பாலாற்றில் மணல் அள்ளப்பட்டது. அடியில் களிமண்ணும் பாறையும் தெரியும் வரை தோண்டிய இடங்கள் உண்டு. அந்த இடத்தில் இன்று எத்தனை வெள்ளம் வந்தாலும், வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர உள்ளே இறங்காது. அருகிலுள்ள கிணறுகளில் தேங்கியிருந்த தண்ணீரும் பள்ளத்தை நோக்கி வடிந்துவிடும். இந்த வியாபாரத்தில் லாரி ஓட்டியவர், லாரிக்கு முதல் போட்டவர், கட்டிய பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் எங்கிருந்து மணல் வந்தது என்று கேட்காமல் வாங்கியவர் என்று எல்லா மதத்தாரும் எல்லாச் சாதியாரும் எல்லாக் கட்சியாரும் இருந்தார்கள். கொள்ளையில் மட்டும் நம் நாட்டில் ஒற்றுமை குறைவதே இல்லை!

ஆயிரம் அடி போர் போட்டால் தீருமா?

ஆற்றைவிட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் இந்த மாவட்டங்களின் பூமி கெட்டியான பாறை பூமி. மேலே சில பத்து அடிகளுக்கு உக்கிய பாறையும் மண்ணும் இருக்கும். மழைத்தண்ணீர் இறங்கித் தங்குவது பெரும்பாலும் அந்த மேல் அடுக்கில்தான். அதற்குக் கீழே இருப்பது பாறை. அதில் உள்ள வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணீர். நம் பெரியவர்களின் திறந்த கிணறு அந்த மேல் அடுக்கோடு நின்றது. நாமோ 300 அடி, 600 அடி, 1,000 அடி என்று இறங்கிக்கொண்டே போகிறோம். ஆழமாகப் போனால் அதிகத் தண்ணீர் கிடைக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. ஆழத்தில் இருப்பது ஆண்டாண்டு காலமாக வெடிப்புகளில் சேர்ந்த சேமிப்பு. மேலடுக்கு காய்ந்துவிட்டால் அந்த வெடிப்புகளுக்குள் புதிதாக இறங்க எதுவும் இல்லை. முதல் போடாமல் வட்டியை மட்டுமல்ல, முதலையே எடுத்துத் தின்றுகொண்டிருக்கும் வியாபாரம் எத்தனை நாள் நடக்கும்? வியாபாரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரனுடைய 300 அடி போர் வற்றினால், காரணம் பெரும்பாலும் நம்முடைய 600 அடி போர். பணம் உள்ளவன் ஆழமாகப் போகிறான். பணம் இல்லாதவன் குடத்தோடு வரிசையில் நிற்கிறான். நிலத்தடி நீர் என்பது தரைக்கு மேல் பட்டாவில் உள்ள எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. நாம் எடுப்பது எல்லோருடைய பங்கிலிருந்தும்தான்.

தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மதிப்பீட்டில் மொத்தமுள்ள 1,166 பிர்காக்களில் 435 பிர்காக்களில், ஆண்டுதோறும் பூமிக்குள் இறங்கும் அளவைவிட அதிகமாகத் தண்ணீர் உறிஞ்சப்படுவது தெரியவந்தது. பாதுகாப்பான நிலையில் இருந்தவை 409 மட்டுமே. இதைக் கட்டுப்படுத்த 2003-ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அது நடைமுறைக்கே வராமல் 2013-இல் ரத்து செய்யப்பட்டது! பத்து ஆண்டுகள் காகிதத்தில் கிடந்து செத்துப்போன சட்டம் அது. ஆட்சிகள் மாறின, அலட்சியம் மாறவில்லை.

இதற்கிடையில் சென்னை - பெங்களூரு தொழில் வழித்தடம் என்று சொல்லி இந்தப் பகுதி வேகமாக வளர்கிறது. புதுச் சாலைகள், புது ஆலைகள், புது மனைப்பிரிவுகள். வளரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் மனைப்பிரிவு போடுபவர் முதலில் மூடுவது கால்வாயைத்தான். வீடு கட்டுபவர் கடைசியில் சிமெண்ட் போடுவது வாசல் வரைக்கும்தான். மழை விழுவதற்கு மண்ணே இல்லாத ஊரில், பூமிக்குள் தண்ணீர் எந்த வழியாக இறங்கும்?

டேனரியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது

இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

தோல் பதனிடும் தொழில் நம் சமுதாயத்துக்குச் சோறு போட்ட தொழில். இந்த ஊர்களின் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் மதரஸாக்களும் மருத்துவமனைகளும் தோல் வியாபாரிகளின் கொடையால் எழுந்தவை. லட்சக்கணக்கான ஏழைகள், அவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள், தோல் மற்றும் காலணித் தொழிலை நம்பி வாழ்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை போன்றவற்றைக் கொண்டே தோல் பதனிட்டார்கள். 1970-களில் மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலைத்தான் அனுப்ப வேண்டும் என்று திருப்பியது. அந்நியச் செலாவணி வந்தது. கூடவே குரோமியமும் வந்தது. கழிவு எங்கே போகும் என்று அன்று தில்லியில் எவரும் கேட்கவில்லை. இந்த உண்மையை மறைத்துவிட்டுப் பழி முழுவதையும் ஒரு சமுதாயத்தின் தலையில் கட்டுவது அநியாயம். இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமிய ரசாயனத் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் டன். அது நம் டேனரிக்காரர்கள் கொட்டியதல்ல.

ஆனால், அடுத்தவன் செய்த பாவம் நம்முடையதைக் கழுவிவிடாது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும் அதிலே பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவனே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டின் சட்டமாக நிலைநாட்டப்பட்டது இந்த வழக்கில்தான். சட்டக் கல்லூரி மாணவன் எந்த ஊரில் படித்தாலும் வேலூர் வழக்கைப் படிக்காமல் பட்டம் வாங்க முடியாது. நம் ஊர்களுக்குக் கிடைத்த பெருமை இது!

தீர்ப்புக்குப் பின் சும்மா இருந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. பல முதலாளிகள் கடன் வாங்கிச் செலவு செய்தார்கள். பல சிறு ஆலைகள் தாக்குப்பிடிக்க முடியாமல் மூடின. ஆனால் உப்பு என்ற எதிரி அப்படியே நிற்கிறான். தோல் அழுகாமல் இருக்கப் போடும் உப்பு, ஊறவைக்கும் தண்ணீரில் கரைகிறது. கிருமிகளைக் கொண்டு கழிவைச் சுத்திகரிக்கும் முறையில் உப்பு போகாது. அதைச் சவ்வூடு வடிகட்டிக் காய்ச்சித்தான் பிரிக்க வேண்டும். அதற்கு மின்சாரச் செலவு அதிகம். இங்கேதான் சிலருக்குச் சபலம் வருகிறது. மழை பெய்யும் இரவில் மதகைத் திறந்துவிடும் சபலம். இரவில் ஆற்றில் போன உப்பு, பகலில் எங்கோ ஓர் ஏழை விவசாயியின் கிணற்றில் தங்குகிறது. அவர் எந்த மதத்தவராக இருந்தால் என்ன? அடுத்தவனின் கிணற்றைக் கெடுத்து வந்த காசில் கொடுக்கும் தர்மம் யாருக்கு வேண்டும்?

2015 ஜனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்து, அதை மாசு செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 28 ஆண்டுகள்! அந்த 28 ஆண்டுகளில் அந்தக் கிணறுகளின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கே கல்யாணமாகிவிட்டது.

"இது நம் தொழிலை ஒழிக்கச் செய்யும் சூழ்ச்சி" என்று சிலர் சொல்கிறார்கள். நம் தொழிலின் மீது கண் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கையில் ஆயுதத்தைக் கொடுத்தது யார்? கிணற்றில் ஏறிய உப்பு சூழ்ச்சியால் ஏறியதல்ல. அவதூறுக்கு மறுப்பறிக்கை பதிலல்ல. சுத்தமான தண்ணீர்தான் பதில். சரியாகச் சுத்திகரித்து முறையாகத் தொழில் செய்யும் முதலாளிதான், மதகைத் திறந்துவிடும் பக்கத்து ஆலையால் முதலில் நட்டப்படுகிறார். அவருக்காகவாவது தொழில் சங்கங்கள் வாய் திறக்க வேண்டும்.

கூரையில் விழும் லட்சங்கள்

சரி, என்ன செய்யலாம்? முதலில் வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு கணக்கு.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 10,000 சதுர அடி கூரை கொண்ட ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், ஆவியாவதும் சிந்துவதும் போக, சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் 55 லாரி! அந்த 55 லாரித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு, கோடையில் லாரிக்காரனுக்குப் போன் போடுகிறோம். கடை, காம்ப்ளக்ஸ், கிடங்கு, லாட்ஜ் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் கூரையின் நீள அகலத்தைப் பெருக்கிப் பார்க்கட்டும்.

2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். அதன் பலனாகச் சென்னையில் கிணறுகளின் மட்டம் உயர்ந்ததையும் உப்புக்கரிப்பு குறைந்ததையும் பலரும் கண்டார்கள். ஆனால் நம் ஊர்களில் நடந்தது என்ன? அதிகாரிக்குக் காட்டுவதற்காக ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சுவரில் தொங்கவிட்டார்கள். குழாயின் கீழ்முனை எங்கே போகிறது என்று எவரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் ஓராண்டில் மறந்தார்கள். தூர் அடைத்த தொட்டி தொட்டியே அல்ல. மறந்தவர்கள் 2019-இல் அனுபவித்தார்கள். சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டன. அந்த ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் நம் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் சென்னைக்குப் போனது. அதுவும் காவிரித் தண்ணீர்தான்! நாளை ஜோலார்பேட்டை வறண்டால் ரயில் எங்கிருந்து வரும்?

ஒரு எச்சரிக்கையும் தேவை. பூமிக்குள் இறக்குகிறேன் என்று கண்டதையும் இறக்கிவிடக் கூடாது. பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். கூரையின் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். பிறகு வருவதை ஜல்லி, சரளை, மணல் போட்ட தொட்டியில் வடிகட்டித்தான் கிணற்றிலோ கைவிட்ட போரிலோ இறக்க வேண்டும். தெருத் தண்ணீரையும் டேனரி முற்றத்துத் தண்ணீரையும் போர் குழாயில் நேராக விடுவது தண்ணீர்ச் சேமிப்பல்ல. ஊர்க் கிணற்றில் விஷம் கலப்பது. ரசாயனக் கழிவு கொட்டிய நிலத்தில் உறிஞ்சு குழி வெட்டவும் கூடாது. அங்கே இறங்கும் நீர் கழிவையும் கரைத்துக்கொண்டு இறங்கும். கேன் தண்ணீர் வியாபாரம் செய்யும் தம்பிகளும் கவனிக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர், உள்ளே போனதைவிட உப்பானது. அதைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் பயன்படுத்துங்கள். கிணற்றில் திருப்பாதீர்கள்.

பள்ளிவாசலிலிருந்து தொடங்குவோம்

ஜமாஅத் நிர்வாகிகளே! ஊருக்குச் சொல்லும் முன் நம் பள்ளிவாசலைப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில், அதாவது ஏறக்குறைய இரண்டு கைகளிலும் சேர்த்து அள்ளும் அளவில், ஒளுச் செய்தார்கள் என்பது நாம் மிம்பரில் சொல்லும் செய்தி. நம் பள்ளிவாசல் குழாயில் ஒருவர் ஒளுச் செய்து முடிப்பதற்குள் எத்தனை முத்து ஓடுகிறது? குழாயைத் திறந்து வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடிப்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

ஒருவருக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வேளையும் சேர்த்து 400 பேர் ஒளுச் செய்தால் நாளொன்றுக்கு 2,000 லிட்டர். ஆண்டுக்கு 7 லட்சம் லிட்டருக்கும் மேல். இது பெரும்பாலும் சோப்பு கலக்காத தண்ணீர். இதைக் கழிப்பறைத் தண்ணீரோடு சேர்த்துச் சாக்கடையில் விடுவதற்குப் பதில், தனிக் குழாயில் பிரித்துத் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் விடலாம். மீதியை வடிகட்டி உறிஞ்சு குழியில் இறக்கலாம். பழைய ஹவுளை இடித்துவிட்டுக் குழாய் வரிசை போட்ட பள்ளிவாசல்களில், அந்த இடத்தின் அடியிலேயே மழைநீர்த் தொட்டி கட்டலாம். மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பேசும் தனவந்தர்கள், தம் ஊரில் தூர்ந்து கிடக்கும் ஒரு வக்ஃபு கிணற்றைத் தூர்வாரிக் கொடுக்கட்டும். மினாராவை இன்னும் பத்தடி உயர்த்துவதைவிட, கிணற்றின் நீர்மட்டத்தைப் பத்தடி உயர்த்துவது அந்தத் தெருவுக்குச் செய்யும் பேருதவி. அந்தத் தெருவில் யார் குடியிருந்தாலும் சரி.

நாகநதிப் பெண்கள் காட்டிய வழி

இதெல்லாம் ஆகிற காரியமா என்று சந்தேகப்படுபவர்கள் தூரம் போக வேண்டாம். வேலூர் மாவட்டத்தில் பாலாற்றின் கிளையான நாகநதி வறண்டு கிடந்தது. 2014-இல் தொடங்கி, நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழ் சுமார் 20,000 கிராமத்துப் பெண்கள் அதில் உழைத்தார்கள். ஓடைகளில் கல்லடுக்குத் தடுப்புகள் கட்டினார்கள். ஓடும் நீரை வேகம் குறைத்து உள்ளே இறக்க, ஓடைப் படுகையில் செறிவூட்டும் கிணறுகள் வெட்டினார்கள். கிணறுகள் ஊறின, விட்ட நிலத்தில் மறுபடி பயிர் ஏறியது. 2021-இல் பிரதமரின் வானொலி உரையில்கூட அது பேசப்பட்டது. கோடிகள் புரளும் ஒப்பந்தக்காரர்கள் செய்ததல்ல இது. மண்வெட்டியும் கூடையும் பிடித்த ஏழைப் பெண்கள் செய்தது. அவர்களுக்கு முடிந்தது, படித்த இளைஞர்கள் நிறைந்த நம் கிளைகளுக்கு முடியாதா?

இளைஞர்களே, இது உங்கள் வேலை

ஒவ்வொரு கிளையும் இந்தப் பருவத்துக்குள் ஐந்து வேலைகளை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: தங்கள் பகுதியின் திறந்த கிணறுகள், கைவிட்ட போர்கள், பள்ளிவாசல் கிணறுகள் அனைத்தையும் நோட்டுப் போட்டு எழுதுங்கள். மூடாமல் கிடக்கும் போர் குழியை அன்றைக்கே மூடுங்கள். அது குழந்தைகளைக் காவு வாங்கும்.

இரண்டு: பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மே மாதத்திலும் ஜனவரியிலும் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். டி.டி.எஸ். பார்க்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில்கூட 2,000-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். குரோமியத்தை அந்தக் கருவி காட்டாது. அதற்கு ஆய்வகத்தில்தான் சோதிக்க வேண்டும். கோஷத்துக்கு அதிகாரி அஞ்சமாட்டார். தேதி போட்டு எழுதிய நோட்டுக்கு அஞ்சுவார்.

மூன்று: மழைக்கு முன் பள்ளிவாசல், மதரஸா, பள்ளிக்கூடம், கடைவீதி ஆகியவற்றின் மழைநீர்த் தொட்டிகளைத் திறந்து தூர்வாருங்கள். வசூல் செய்து கட்டுவதைவிடக் கட்டியதைத் துப்புரவாக வைப்பது கடினம். அதைச் செய்து காட்டுங்கள்.

நான்கு: ஊராட்சிகளில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அங்கே போய் உட்காருங்கள். உங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயைச் சர்வே எண்ணோடு கேளுங்கள். அகற்ற வேண்டிய ஆக்கிரமிப்பில் நம்மவருடையது இருந்தால், அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் நம் பேச்சுக்கு மதிப்பு.

ஐந்து: பாதிக்கப்பட்ட விவசாயிகளிடம் போங்கள். அவர்களுடைய இழப்பீட்டு மனுவை எழுத உதவுங்கள். அந்த வழக்கில் நாம் எதிர்த் தரப்பாக நிற்க வேண்டியதில்லை. கெட்ட கிணற்றின் சொந்தக்காரருக்குப் பக்கத்தில் நின்றால் போதும்.

அரசிடம் நம் கோரிக்கைகள் தெளிவானவை. நிலத்தடி நீருக்கு உயிருள்ள ஒரு சட்டம் வேண்டும். பெரிய ஆலைகளும் கேன் தண்ணீர்க் கம்பெனிகளும் எடுக்கும் தண்ணீருக்கு மீட்டர் வேண்டும். எடுத்த அளவுக்கு இறக்கிக் காட்ட வேண்டும். பாலாற்றின் குறுக்கே பொருத்தமான இடங்களில் தரைமட்டத் தடுப்புகள் கட்டி வெள்ளத்தை மணலுக்குள் திருப்ப வேண்டும். உப்பைப் பிரிக்கும் செலவில் சிறு டேனரிகளுக்குக் கைகொடுக்க வேண்டும்; அதன் பிறகும் மதகைத் திறப்பவர் எவராயினும் ஆலையைப் பூட்ட வேண்டும். இராணிப்பேட்டைக் குரோமியக் கழிவை இனியும் மழையில் நனையவிடாமல் அகற்ற வேண்டும்.

சமுதாயமே! உரிமைக்காகத் தெருவில் நிற்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தத் தெருவில் நின்று கோஷம் போடும்போது தாகம் எடுத்தால், குடிக்கக் கேன் தண்ணீரைத்தான் தேடுகிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பாலாற்று மணலுக்கு அடியில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அது நம் தகப்பனார் விட்டுச்சென்ற சொத்தல்ல. நம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பங்கு. பங்குதாரர் சிறுவராக இருக்கும்போது அவருடைய பங்கைத் தின்பவனுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று வியாபாரிகளுக்குத் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் கதவைத் தட்டுகிறது. அதற்குள் குழியை வெட்டி வையுங்கள்.